நாஸ் ஸ்லோ: ஜம்போ ஃப்ரேம், பஃபர் செட்டிங் எல்லாம் போட்டா நெசமாவே வேகம் வருமா?

18 ஜூலை, கேள்வி (மன்னார்குடிலேந்து)

அண்ணே, மன்னார்குடில கல்யாண ஸ்டுடியோ வச்சிருக்கேன். எடிட்டிங் சிஸ்டம் 4, எல்லாம் விண்டோஸ். லினக்ஸ் ஓடற நாஸ் (எல்லா சிஸ்டமும் நெட்வொர்க் வழியா ஃபைல் எடுக்கற ஸ்டோரேஜ் பெட்டி) ஒன்னு, 7200 ஆர்பிஎம் டிஸ்க் 4, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா நிக்கற அமைப்பு), பின்னாடி கிகாபிட் போர்ட் 2. மூணு சிஸ்டம் மெயின் ஸ்விட்ச்ல, ஆல்பம் ரூம் சிஸ்டம் மட்டும் ஒரு பழைய சின்ன ஸ்விட்ச் வழியா வருது. 4கே ஃபுட்டேஜை நாஸ்லேந்தே டைம்லைன்ல போட்டா திக்கித்திக்கி ஓடுது. ஒரு வீடியோ பாத்து எம்டியூவ (ஒரு பாக்கெட்டோட உச்ச சைஸ், சாதாரணமா 1500 பைட்டு) 9000 ஆக்கினேன், நாஸ்ல ஒரு இருபது வரி சிஸ்சிடிஎல் செட்டிங் (பஃபர், அதாவது டேட்டா தற்காலிகமா தங்கற மெமரி மாதிரி லினக்ஸோட உள் அளவுகள்) போட்டேன், ரெண்டு போர்ட்டையும் சேத்து பாண்டிங் பண்ணேன். நெட்வொர்க் செட்டிங் சரியா வச்சாலே ஸ்டோரேஜ் மூணு மடங்கு வேகம் ஆகும்னு அதுல சொன்னாங்க. இப்ப ஆல்பம் ரூம் சிஸ்டத்துல ஃபோல்டர் தெறக்குது, ஃபைல் பேர்லாம் வருது, ஆனா காப்பி போட்டா அப்படியே தொங்குது. ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கறதுக்குள்ள சரி ஆகணும்.

18 ஜூலை, ராத்திரி 10.40

முதல்ல எல்லா மெஷின்லயும் நாஸ்லயும் எம்டியூவ 1500-க்கு திருப்பி வைங்க, காப்பி உடனே ஓடும். மிச்சத்தை அப்பறம் பேசலாம்.

ஃபோல்டர் தெறக்குது, காப்பி தொங்குது அப்படின்னா அது ஜம்போ ஃப்ரேம் (1500-ஐ தாண்டின பெரிய பாக்கெட்) பாதி வழில செத்துப்போறதோட அடையாளம். கும்பகோணம் சுத்துவட்டாரத்துல ஸ்டுடியோ, ஸ்கேன் சென்டர், பிரஸ்னு நான் போய் பாத்த எடத்துலலாம் இதே மாதிரிதான் நடந்துருக்கு. டிசிபி (டேட்டாவ தொலையாம கொண்டு போற விதிமுறை) கனெக்ஷன் ஆரம்பிக்கும்போது ரெண்டு முனையும் "என்னால இவ்ளோ பெரிய துண்டு வாங்க முடியும்"னு சொல்லிக்கும். ஒரு முனை 1500, இன்னொரு முனை 9000ன்னா சின்னதுக்கு ஒத்துப்போயிரும், பிரச்சனையே இல்ல. ரெண்டு முனையும் 9000 சொல்லி, நடுவுல இருக்க ஸ்விட்ச் அவ்ளோ பெருசை தூக்க முடியாததா இருந்தாதான் சிக்கல். சாதா ஸ்விட்ச் ரூட்டர் மாதிரி "பெருசா இருக்கு, சின்னதா அனுப்பு"ன்னு திருப்பி சொல்லாது, சத்தமில்லாம தூக்கி போட்ரும். ஃபோல்டர் லிஸ்ட்டு சின்ன பாக்கெட், அது போயிரும். ஃபைல் டேட்டா பெரிய பாக்கெட், அது போகாது, திரும்ப அனுப்பும், திரும்ப விழும், நீங்க பச்சை கோட்டை பாத்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க.

உங்க ஆல்பம் ரூம் சின்ன ஸ்விட்ச்தான் ஆளு. மத்த மூணும் ஓடுதுன்னா மெயின் ஸ்விட்ச் ஜம்போ தூக்குதுன்னு அர்த்தம்.

18 ஜூலை, ராத்திரி 11.15

டெஸ்ட் பண்றது எப்படின்னு சொல்லாம விட்டுட்டேன். ரெண்டு முனையும் 9000-ல இருக்கும்போது விண்டோஸ் பிங்ல மைனஸ் எஃப், மைனஸ் எல் 8972 போட்டு நாஸ் ஐபி அடிங்க. எஃப்ங்கறது உடைக்காம அனுப்புன்னு அர்த்தம். 8972 ஏன்னா 9000-ல ஐபி ஹெட்டர் 20, பிங்கோட ஹெட்டர் 8 கழிச்சா அதுதான் மிச்சம். பதில் வந்தா வழி முழுக்க ஜம்போ போகுது, டைம்அவுட்னா எங்கயோ விழுது. சாதா 1500-க்கு இதே டெஸ்ட் 1472.

19 ஜூலை

தம்பி எம்டியூ மாத்தினதும் காப்பி ஓடிருச்சுன்னு போட்டிருக்காரு. நல்லது. ஆனா கேள்வி அதுல்ல, வேகம் வருமாங்கறதுதான், அதை கணக்கு போட்டே பாத்துரலாம், யாரும் யாரையும் நம்ப வேண்டாம்.

ஒரு ஈத்தர்நெட் ஃப்ரேம்ல 1500 பைட்டு உள்ள போகுது, அதைச் சுத்தி ஹெட்டர், செக்சம், முன்னாடி ப்ரீஆம்பிள், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடைவெளி எல்லாம் சேத்து 38 பைட்டு. உள்ள இருக்க 1500-லயும் ஐபிக்கும் டிசிபிக்கும் 40 போயிரும். ஆக 1538 பைட்டு கம்பில போனா 1460 பைட்டுதான் உங்க கல்யாண வீடியோ. சுமார் 95 சதவீதம். ஜம்போல 9038-க்கு 8960, 99 சதவீதம். அவ்ளோதான் வித்தியாசம், 4 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. விநாடிக்கு 118 எம்பி வர்றது 124 ஆகும். மூணு மடங்கு எங்கேந்து வரும்?

ஜம்போ கொண்டு வந்த காலத்துல அதோட பெரிய லாபமே சிபியூதான். கிகாபிட்ல 1500 வச்சு முழு வேகத்துல ஓட்டினா விநாடிக்கு 81,000 பாக்கெட், 9000 வச்சா 14,000-க்கும் கீழ. அன்னைக்கு இருந்த சிபியூவுக்கு அது பெரிய உதவி. இப்ப கார்டே பெரிய துண்டை வாங்கி தானே வெட்டி அனுப்பிருது, வர்றதையும் சேத்து கட்டி குடுத்துருது, அந்த ஆஃப்லோடு இப்ப வர்ற கார்டுல பெரும்பாலும் முன்னாடியே ஆன்ல இருக்கு. அதனால கிகாபிட் ஸ்டுடியோல ஜம்போ எனக்கு வேண்டாம். ஸ்டோரேஜுக்குன்னே தனி ஸ்விட்ச் வச்சு 10 கிகாபிட் ஓடற எடம்னா வேற, அங்க ஒவ்வொரு போர்ட்டையும் நாம பாத்து வைக்கலாம். பிரிண்டர், சிசிடிவி, ஓனரோட லேப்டாப்புன்னு எல்லாம் ஒரே ஸ்விட்ச்ல தொங்கற எடத்துல வேண்டவே வேண்டாம்.

19 ஜூலை, சாயங்காலம்

மாயவரம் சார் ஒருத்தர் கீழ எழுதியிருக்காரு, ஐபிவி6-ல ஐபி ஹெட்டர் 40, அதனால பிங் டெஸ்ட்டுக்கு 8952-ன்னு. சரிதான் சார், மேல நான் போட்டது ஐபிவி4 கணக்கு. இன்னொன்னும் சேத்துக்கறேன், டிசிபில டைம்ஸ்டாம்ப் ஆப்ஷன் ஆன்ல இருந்தா இன்னும் 12 பைட்டு போகும், அதனாலதான் நல்ல கிகாபிட் லைன்ல டெஸ்ட் பண்ணா 949 வராம 941 மெகாபிட்ல நிக்குது. 941 பாத்தீங்கன்னா சந்தோஷமா இருங்க, அதுக்கு மேல கம்பில எடம் இல்ல.

20 ஜூலை

எந்த செட்டிங்கையும் தொடறதுக்கு முன்னாடி எது ஸ்லோன்னு பிரிச்சு பாக்கணும். மேட்டூர்ல எவ்ளோ தெறந்து விட்டாலும் கடைமடை வாய்க்கால் தூந்து கெடந்தா வயல்ல தண்ணி ஏறாது, இங்கயும் அப்படிதான்.

நாஸ்ல ஐபெர்ஃப்3 சர்வரா ஓட்டுங்க, ஒவ்வொரு சிஸ்டத்துலேந்தும் கிளையண்ட்டா ஓட்டுங்க. இது டிஸ்க்க தொடவே தொடாது, மெமரிலேந்து மெமரிக்கு, கம்பி மட்டும். முக்கியமா ரெண்டு பக்கமும் ஓட்டணும், மைனஸ் பெரிய ஆர் போட்டா திசை திரும்பும். ஒரு பக்கம் 940 வந்து மறு பக்கம் 300 வர்ற கேபிள்லாம் நெறைய உண்டு.

அப்பறம் நாஸ்குள்ளயே லாகின் பண்ணி எஃப்ஐஓ ஓட்டுங்க, இது கம்பிய தொடாது, டிஸ்க் மட்டும். வரிசையா படிக்கறது ஒரு டெஸ்ட், கண்ட கண்ட எடத்துல படிக்கறது ஒரு டெஸ்ட். டெஸ்ட் ஃபைல் சைஸ் நாஸோட ராம் மாதிரி ரெண்டு மடங்காவது இருக்கணும், இல்லன்னா மெமரி கேஷ் வேகத்தை பாத்துட்டு டிஸ்க் வேகம்னு நெனச்சுக்குவீங்க. டிடி கமாண்டுல ஜீரோ எழுதி பாக்கற பழக்கத்தை விட்ருங்க, கம்ப்ரஷன் ஆன்ல இருந்தா ஜீரோவ அது டிஸ்க்ல எழுதவே எழுதாது.

இந்த ரெண்டு நம்பரும் கைல இல்லாம ட்யூனிங்னு பேசறதுல எனக்கு ஒப்புதல் இல்ல.

22 ஜூலை

தம்பி ரிசல்ட் போட்டாச்சு. மூணு சிஸ்டம் 938-லேந்து 941 வரைக்கும். ஆல்பம் ரூம் 94.

94-ன்னு பாத்ததும் எனக்கு செட்டிங் யோசனையே வராது. கிகாபிட் லைன் கெட்டுப்போனா 700, 500னு கண்டபடி வரும். கரெக்டா 94ன்னா லிங்க்கே 100 மெகாபிட்டுக்கு எறங்கி உக்காந்துருக்கு. 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி கம்பி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். ஒரு கம்பி விட்டுப்போனா ரெண்டு முனையும் பேசி 100-க்கு எறங்கிக்கும், லைட் எரியும், நெட் வரும், யாருக்கும் தெரியாது. விண்டோஸ்ல அடாப்டர் ஸ்டேட்டஸ்ல ஸ்பீடு பாருங்க, லினக்ஸ்னா எத்டூல் கமாண்டு.

அந்த பழைய ஸ்விட்ச்சே 100 மெகாபிட்டா இருக்கலாம், அதை மொதல்ல பாருங்க. இல்லன்னா க்ரிம்ப் (கேபிள் முனைல பின் மாட்டினது). அதுவும் இல்லன்னா கேபிளே. கடைல விலை கம்மியா கேட் 6-ன்னு குடுக்கறதுல பாதி அலுமினியத்து மேல செம்பு பூசினது, சுரண்டி பாத்தா உள்ள வெள்ளையா இருக்கும். அதோட ரெசிஸ்டன்ஸ் அதிகம், வளைச்சா உள்ளயே ஒடையும். சுத்தமான செம்புக்கு காசு போடுங்க.

22 ஜூலை, ராத்திரி

கேபிள் பேச்சு வந்ததால ஒன்னு. வேதாரண்யம், நாகை பக்கம் கடை வச்சிருக்கவங்க ஆர்ஜே45 பின்ன கழட்டி வெளிச்சத்துல பாருங்க. உப்புக்காத்துல தங்க முலாம் தேஞ்ச எடத்துல பச்சை பூத்துருக்கும். எத்டூல்ல மைனஸ் பெரிய எஸ் போட்டா கவுண்டர் எல்லாம் வரும், அதுல சிஆர்சி எர்ரர் (வழில கெட்டுப்போன ஃப்ரேம் எண்ணிக்கை) ஏறிக்கிட்டே இருந்தா எந்த செட்டிங்கும் காப்பாத்தாது. வடகிழக்கு மழை வந்து காத்துல ஈரம் ஏறினா இது இன்னும் மோசமாகும், அதனால நான் ஆடிலயே எல்லா எடத்துக்கும் போய் பின்ன வெட்டி புதுசு போட்ருவேன். ஆடில ஸ்டுடியோக்காரங்களுக்கும் வேலை கம்மி, ஸ்விட்ச்ச நிறுத்த விடுவாங்க.

எலியும் ஒரு காரணம். ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள போன கேபிளை ஒரு தடவ டார்ச் அடிச்சு பாருங்க.

25 ஜூலை

சின்ன ஸ்விட்ச் 100 மெகாபிட்தானாம். தூக்கிட்டு நேரா மெயின் ஸ்விட்ச்சுக்கு கேபிள் இழுத்துட்டாரு, இப்ப நாலும் 940. ஆனா திக்கறது நிக்கல. அதைத்தான் எதிர்பாத்தேன்.

உங்க கேமரா 4கே விநாடிக்கு 100 மெகாபிட்ல ரெக்கார்ட் பண்ணுதுன்னு சொன்னீங்க. முகூர்த்தத்துக்கு மூணு கேமரா, மல்டிகேம்ல மூணும் ஒரே நேரத்துல ஓடும், ஒரு எடிட்டருக்கு 300. நாலு எடிட்டரும் உக்காந்தா 1200 மெகாபிட். கம்பில எடம் 941. இதுல என்ன பஃபர் மாத்தி என்ன? கணக்கே இடிக்குது.

அதுக்கு மேல டிஸ்க். 7200 ஆர்பிஎம்னா விநாடிக்கு 120 சுத்து, ஒரு சுத்து 8.3 மில்லிசெகண்டு, சராசரியா பாதி சுத்து காத்திருக்கணும், அது 4 மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல. ஹெட்டு எடம் மாற இன்னொரு 8. ஒரு தடவை தாவ 12 மில்லிசெகண்டு, விநாடிக்கு 80 தாவல். ஒரே ஃபைலை வரிசையா படிச்சா அதே டிஸ்க் 150, 200 எம்பி தரும், கிகாபிட்டை ஒத்தை டிஸ்க்கே நெரப்பிரும். ஆனா நாலு பேர், ஆளுக்கு மூணு ஸ்ட்ரீம், டைம்லைன்ல முன்ன பின்ன இழுக்கறாங்கன்னா பன்னெண்டு எடத்துல மாத்தி மாத்தி தாவணும். அங்க போயிருது வேகம். எடிட்டிங் நடக்கும்போது நாஸ்ல ஐஓஸ்டாட் மைனஸ் எக்ஸ் ஓட்டி வைங்க, கடைசி பத்தில இருக்க யூட்டிலைசேஷன் (டிஸ்க் எவ்ளோ சதவீதம் வேலையா இருக்கு) 100 கிட்டயே நின்னு, அவெயிட் (பதில் வர ஆகற மில்லிசெகண்டு) ரெண்டு மூணு இலக்கத்துக்கு ஏறினா டிஸ்க்தான் மூச்சு வாங்குது.

26 ஜூலை

"அப்ப ரெண்டு போர்ட்ட சேத்தேனே, 2000 மெகாபிட் ஆகலையா"ன்னு தம்பி கேக்கறாரு. ஆகாது. இது எல்லாரும் நம்பற விஷயம், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

போர்ட்ட சேக்கற விதிமுறை எல்ஏசிபி, 2000-ஆம் வருஷம் ஸ்டாண்டர்டா வந்துச்சு. அது ஒரு கனெக்ஷனை ரெண்டா பிரிச்சு ரெண்டு கம்பிலயும் அனுப்பாது, பாக்கெட் வரிசை மாறிடும்னு ஒரு கனெக்ஷனுக்கு ஒரு கம்பின்னு கட்டி வச்சிரும். எந்த கம்பிங்கறதை மேக் அட்ரஸையோ, ஐபி, போர்ட் நம்பரையோ வச்சு ஒரு ஹேஷ் போட்டு முடிவு பண்ணும், அதுவும் யார் அனுப்பறாங்களோ அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. நாஸ்லேந்து படிக்கறப்ப நாஸ் முடிவு பண்ணும், எழுதறப்ப ஸ்விட்ச். ஒரு எடிட்டர் மட்டும் தனியா உக்காந்து காப்பி போட்டா 941-தான், எத்தனை போர்ட் சேத்தாலும். நாலு பேருக்கு மேக் வச்சு பிரிச்சா ரெண்டு ரெண்டா விழலாம், மூணு ஒன்னா விழலாம், நாலும் ஒரே கம்பில விழ எட்டுல ஒரு வாய்ப்பு இருக்கு.

அதுலயும் உங்க ஸ்விட்ச் மேனேஜ்டு (உள்ள போய் செட்டிங் வைக்கற வகை) இல்ல. எல்ஏசிபி பேச எதிர்ல ஆளே இல்ல, அதனால லினக்ஸ் ஒரு போர்ட்ட மட்டும் வச்சுக்கிட்டு ஓடும். பாண்டிங் ஸ்டேட்டஸை பாத்தீங்கன்னா தெரியும்.

விண்டோஸ்ல எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிர்ற முறை) மல்டிசேனல்னு ஒன்னு இருக்கு, 2012-ல விண்டோஸ் 8 காலத்துலேந்து. அது நெசமாவே ஒரு காப்பிய ரெண்டு கம்பிலயும் பிரிச்சு அனுப்பும். ஆனா ரெண்டு பக்கமும் ரெண்டு போர்ட் வேணும், இல்லன்னா ரெண்டு பக்கமும் வேகமான ஒரு போர்ட். எடிட்டிங் சிஸ்டத்துல ஒரு கிகாபிட் போர்ட்தான் இருக்குன்னா அதுவும் ஒதவாது.

நான் செய்யறது இதுதான்: 2.5 கிகாபிட் ஸ்விட்ச் ஒன்னு, நாஸுக்கு 2.5 கார்டு. 2016-ல வந்த ஸ்டாண்டர்டு அது, சுவத்துக்குள்ள இருக்க பழைய கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரைக்கும் போதும், சுவத்த ஒடைக்க வேண்டாம். புது மதர்போர்டு நெறைய அதோடயே வருது.

27 ஜூலை

ஐ-ஸ்கஸி, என்எஃப்எஸ் ரெண்டுக்கும் என்ன பண்றதுன்னு கேட்ட மாயவரம் சாருக்கு: ஐ-ஸ்கஸிக்கு (நாஸ் டிஸ்க்கை நெட்வொர்க் வழியா சொந்த டிஸ்க் மாதிரி காட்டற முறை) பாண்டிங் வேண்டாம், மல்டிபாத்துதான். ரெண்டு போர்ட்டுக்கும் தனித்தனி சப்நெட் குடுங்க, ஒரு கம்பி போனாலும் இன்னொன்னுல ஓடும், ரெண்டும் இருந்தா பங்கு போட்டுக்கும்.

என்எஃப்எஸ்ன்னா (லினக்ஸ் பக்கம் ஃபைல் பகிர்ற முறை) லினக்ஸ் கெர்னல் 5.3-லேந்து என்கனெக்ட்னு மவுண்ட் ஆப்ஷன் இருக்கு, ஒரே மவுண்டுக்கு பல டிசிபி கனெக்ஷன் போடும். 4 குடுத்து பாருங்க.

29 ஜூலை

இப்ப அந்த இருபது வரி. தம்பி முழுசா ஒட்டியிருக்காரு, ஒவ்வொன்னா படிச்சேன். எல்லாத்தையும் எடுத்துருங்க. ஏன்னு சொல்றேன், கண்ண மூடிக்கிட்டு நான் சொன்னதையும் கேக்க வேண்டாம்.

பஃபர் எவ்ளோ வேணும்கறதுக்கு ஒரே ஒரு கணக்குதான்: லைன் வேகத்தை, போய் திரும்ப ஆகற நேரத்தால பெருக்கணும். உங்க ரூமுக்குள்ள கிகாபிட், பிங் 0.3 மில்லிசெகண்டு. பெருக்கினா 37 கிலோபைட்டு சொச்சம். அவ்ளோ டேட்டா வழில இருந்தா போதும், பைப் நெறஞ்சுரும். லினக்ஸ் சும்மா இருந்தாலே வாங்கற பக்கம் பொதுவா 6 எம்பி வரைக்கும் தானா ஏத்திக்கும். அதை 128 எம்பி ஆக்கினா 37 கிலோபைட்டு வேணும்கற எடத்துல என்ன ஆகப்போகுது?

அந்த லிஸ்ட்டுல ஆர்மெம் மேக்ஸ் பெருசாக்கியிருக்கு. அது புரோகிராம் தானே பஃபர் கேட்டாதான் உச்சவரம்பு, தானா ஏறற ஆட்டோட்யூனிங்குக்கு டிசிபி ஆர்மெம்ல இருக்க மூணாவது நம்பர்தான் வரம்பு. ரெண்டும் வேற வேற.

டைம்வெயிட் ரீசைக்கிள்னு ஒரு வரி இருக்கு. 2017-ல வந்த 4.12 கெர்னல்லயே அதை தூக்கிட்டாங்க, ரூட்டருக்கு பின்னாடி இருக்கவங்க கனெக்ஷன்லாம் அதால விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த வரி இருக்கற லிஸ்ட் எந்த காலத்து லிஸ்ட்டுன்னு பாத்துக்கங்க. டைம்ஸ்டாம்ப் ஆஃப்னு இன்னொரு வரி, மேல சொன்ன 12 பைட்ட மிச்சம் பிடிக்கன்னு. வேகமான லைன்ல பழைய பாக்கெட் தப்பா உள்ள நுழையாம பாத்துக்கறதே அதுதான், அதை நிறுத்தாதீங்க.

எனக்கு ரொம்ப கோவம் வர்றது சாம்பா (லினக்ஸ்ல எஸ்எம்பி ஓட்டற சாஃப்ட்வேர்) கான்ஃபிக்ல வர்ற சாக்கெட் ஆப்ஷன்ஸ் வரிக்கு. வாங்கற பஃபர் 8192, அனுப்பற பஃபர் 8192-ன்னு வருஷக்கணக்கா ஒருத்தர்கிட்டேந்து ஒருத்தர் காப்பி அடிச்சு வருது. கையால நம்பர் குடுத்த உடனே ஆட்டோட்யூனிங் நின்னு போயிரும், 8 கிலோபைட்டுலயே கட்டிப்போட்டாப்ல ஆயிரும். மேல 37 வேணும்னு கணக்கு போட்டோம்ல, அதுல கால்வாசி கூட இல்ல. இந்த ஒரு வரிய எடுத்ததுக்கே காப்பி வேகம் கண்ணுக்கு தெரிய ஏறினதை கும்பகோணத்துல ஒரு பிரஸ்ல பாத்துருக்கேன். சாம்பாவோட டிஃபால்ட்டே நோடிலே (சின்ன பாக்கெட்டையும் காக்க வைக்காம அனுப்பறது) ஆன், அது போதும்.

30 ஜூலை

சீர்காழி அக்கா கேட்டிருக்காங்க, ஆபீஸ் டேட்டாவ ராத்திரி சென்னைல இருக்க இன்னொரு பெட்டிக்கு பேக்கப் அனுப்பறாங்க, 100 மெகாபிட் லைன், 44-க்கு மேல ஏறவே மாட்டேங்குதுன்னு. அக்கா, இங்கதான் பஃபர் கணக்கு உண்மையிலயே வேலை செய்யுது, நல்ல கேள்வி கேட்டீங்க.

சென்னைக்கு பிங் 12 மில்லிசெகண்டுன்னு போட்டிருக்கீங்க. 100 மெகாபிட்ட 12-ஆல பெருக்கினா 150 கிலோபைட்டு வழில இருக்கணும். டிசிபி ஹெட்டர்ல விண்டோ சைஸுக்கு 16 பிட்டுதான் எடம், 65,535-க்கு மேல சொல்ல முடியாது. 1992-ல விண்டோ ஸ்கேலிங் வந்து அதை பெருக்கி சொல்ல வழி பண்ணாங்க. உங்க பக்கமோ அந்த பக்கமோ நடுவுல இருக்க ஃபயர்வாலோ அந்த ஆப்ஷனை வெட்டுச்சுன்னா 64 கிலோபைட்டுக்கு மேல போகாது. 65,535-ஐ 12 மில்லிசெகண்டால வகுங்க, விநாடிக்கு 5.46 எம்பி, அதாவது 43.7 மெகாபிட். உங்க 44 அதேதான். பாக்கெட் கேப்ச்சர் பண்ணி முதல் ரெண்டு பாக்கெட்டுல விண்டோ ஸ்கேல் ஆப்ஷன் ரெண்டு பக்கமும் வருதான்னு பாருங்க.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு, கடை லீவு, படித்துறை பக்கம் காலேந்து கூட்டம். வீட்ல சித்ரான்னம் முடிச்சுட்டு உக்காந்து எழுதறேன்.

சீர்காழி அக்கா ஃபயர்வால்ல பழைய ரூல் ஒன்னு டிசிபி ஆப்ஷனை அழிக்குதுன்னு கண்டுபிடிச்சு எடுத்துட்டாங்க, 93 போகுதாம். படிக்கவே சந்தோஷமா இருக்கு.

திருவாரூர்ல ஒருத்தர் தம்பிக்கு யோசனை சொல்லியிருக்காரு, நாஸ்ல சிங்க்க ஆஃப் பண்ணுங்க, எழுதற வேகம் எங்கயோ போயிரும்னு. போகும்தான், பொய் இல்ல. சிங்க்னா டிஸ்க்ல எழுதி முடிச்ச அப்பறம்தான் "ஆச்சு"ன்னு சொல்லணும். அசிங்க் வச்சா மெமரில வாங்கினதுமே "ஆச்சு"ன்னு சொல்லிரும், டிஸ்க்ல போறது சில விநாடி கழிச்சு. அந்த சில விநாடில கரண்டு போனா அப்ளிகேஷன் எழுதியாச்சுன்னு நம்பிக்கிட்டிருக்கறது டிஸ்க்ல இருக்காது.

நாம இருக்கறது டெல்டால. இடி இடிச்சா கரண்டு போகும், காத்தடிச்சா போகும். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறினப்ப நாகை, திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டம்லாம் எத்தனை நாள் இருட்டுல கெடந்துச்சுன்னு இங்க இருக்க எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்பறம் தண்ணி பட்ட டிஸ்க்கையும், எழுதிக்கிட்டு இருக்கும்போது நின்ன ரெய்டையும் தூக்கிக்கிட்டு வந்தவங்க மொகத்தை நான் பாத்துருக்கேன். தாலி கட்டறதை திரும்ப எடுக்க முடியாது. அதனால சிங்க்க ஆஃப் பண்ண சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், வேகம் எவ்ளோ வந்தாலும்.

அதுவும் உங்க எடிட்டிங் ஓடறது எஸ்எம்பில, அதுல காப்பி போடறப்ப ஒவ்வொரு எழுத்துக்கும் சிங்க் கேக்கறதில்ல. என்எஃப்எஸ், ஐ-ஸ்கஸி, டேட்டாபேஸ் இதுங்களுக்குதான் இந்த வித்தியாசம் பெருசா தெரியும். ஆக உங்களுக்கு லாபம் சொற்பம்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்பி நாஸ் வைக்காதீங்க. மாறற நேரம் கொஞ்சம் கூடுதலா இருக்கும், நாஸ் ரீஸ்டார்ட் ஆயிரும். தனி யூபிஎஸ், அதுலேந்து யூஎஸ்பி கேபிள் நாஸுக்கு, பேட்டரி இறங்கினா தானா ஷட்டவுன் ஆகற செட்டிங். ரெய்டு 5-ல பாதி எழுதும்போது நின்னா டேட்டாவும் பாரிட்டியும் (போன டிஸ்க்கை மீட்கறதுக்கான கணக்கு) ஒத்துப்போகாம கெடக்கும், அது ரெண்டு மாசம் கழிச்சு ஒரு டிஸ்க் போறப்பதான் வெளில தெரியும்.

6 ஆகஸ்ட்

ஃபோட்டோ காப்பி பத்தி தம்பி கேட்டது விட்டுப்போச்சு. 40 ஜிபி வீடியோ ஒரே ஃபைலா விர்ருன்னு போகுது, 5000 ஜேபெக் இருக்க ஃபோல்டர் ஊருது, ஏன்னு.

ஒவ்வொரு ஃபைலுக்கும் தெற, அனுமதி பாரு, எழுது, தேதி வை, மூடுன்னு நாஸுக்கும் சிஸ்டத்துக்கும் பல தடவை போக்குவரத்து. ஃபைல் சின்னதுன்னா டேட்டா போற நேரத்தை விட இந்த பேச்சுவார்த்தை நேரம் ஜாஸ்தி. இதுக்கு கம்பி வேகம் காரணம் இல்ல, ஒன்னு முடிஞ்சுதான் இன்னொன்னுன்னு போறதுதான். பல ஃபைலை ஒரே நேரத்துல அனுப்பணும். ரோபோகாப்பில எம்டி ஆப்ஷன் போடுங்க, நம்பர் குடுக்கலன்னா 8 போடும், 16 வச்சு பாருங்க. அதுக்கு மேல சுத்தற டிஸ்க்குல ஏத்த வேண்டாம், ஹெட்டு தாவலே கூடும்.

விண்டோஸ் 11 24எச்2 அப்டேட் ஆன சிஸ்டம்ல திடீர்னு ஸ்லோ ஆச்சுன்னா, அதுல ஹோம் எடிஷன் தவிர மத்ததுக்கு எஸ்எம்பி சைனிங் கட்டாயம்னு மாத்திட்டாங்க, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கையெழுத்து போட நாஸ் சிபியூ வேலை செய்யணும். பழைய சின்ன நாஸ்ல அது தெரியும். ஆனா சைனிங்க நிறுத்தறதுக்கு முன்னாடி நாஸ் சிபியூ 100-ல நிக்குதான்னு டாப் கமாண்டுல பாத்துட்டு பேசுங்க.

7 ஆகஸ்ட்

சின்ன ஃபைல்னு எழுதினதும் ஒரு கேஸ் ஞாபகம் வந்துச்சு. ஒரு ஸ்கேன் சென்டர், மெஷின்லேந்து படம் ஸ்டோரேஜுக்கு போகணும், லைன் காலி, டிஸ்க் காலி, சிபியூ காலி, ஆனா போக மாட்டேங்குது. எண்ணி பாத்தா விநாடிக்கு கரெக்டா 25 ரெக்கார்டு, கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்படி ஒரு நம்பர் அசையாம நின்னா எங்கயோ ஒரு டைமர் காத்திருக்குன்னு அர்த்தம். 1000-ஐ 25-ஆல வகுத்தா 40 மில்லிசெகண்டு. லினக்ஸ்ல ஏசிகே (வந்து சேந்துச்சுங்கற பதில்) தள்ளிப்போடற நேரம் அதேதான். அனுப்பற பக்கம் நேகிள் அல்காரிதம், முன்னாடி அனுப்பின துண்டுக்கு ஏசிகே வந்தாதான் அடுத்த சின்ன துண்டை விடும். வாங்கற பக்கம், இன்னும் டேட்டா வரட்டும் சேத்து ஏசிகே குடுக்கலாம்னு 40 மில்லிசெகண்டு காத்திருக்கும். ரெண்டும் ஒன்னை ஒன்னு பாத்துக்கிட்டு நிக்கும். நேகிள் 1984-ல வந்தது, ஒரு எழுத்து டைப் பண்ணா ஒரு பாக்கெட்டுன்னு லைனை அடைச்ச காலத்துக்கு அது அவசியமா இருந்துச்சு. அந்த சாஃப்ட்வேர்ல நோடிலே ஆன் பண்ற செட்டிங் இருந்துச்சு, போட்டதும் படம் ஓடிருச்சு.

விண்டோஸ் பக்கம் இதே காத்திருப்பு பல காலமா 200 மில்லிசெகண்டு, அப்ப விநாடிக்கு 5-னு நிக்கும். ஐ-ஸ்கஸிக்கு ஏசிகே ஃப்ரீக்வென்சிய 1-னு ரெஜிஸ்ட்ரில வைக்க சொல்றது இதுக்காகத்தான். இது மாதிரி ஒரு செட்டிங்ல இருபது மடங்கு வேகம் வந்த கேஸ் நெசமாவே உண்டு, செட்டிங் மாத்தறது வீண்னு நான் சொல்லல. அந்த 25-ங்கற நம்பரை பாக்காம யாரும் அங்க போய் கை வச்சிருக்க முடியாது.

14 ஆகஸ்ட்

தம்பி 2.5 ஸ்விட்ச் வாங்கி நாஸுக்கு கார்டு போட்டு, நடந்துக்கிட்டிருக்க கல்யாணத்து ஃபுட்டேஜ் மட்டும் நாஸ்ல ஒரு எஸ்எஸ்டில, முடிஞ்சது டிஸ்க்குக்கு, மல்டிகேமுக்கு ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் சின்ன சைஸ் காப்பி), அப்படின்னு மாத்திட்டாரு. நாலு பேரும் ஒன்னா உக்காந்து திக்காம ஓட்டறாங்களாம். சிஸ்சிடிஎல்ல ஒரு வரி கூட இல்ல, எம்டியூ 1500.

ஒரு சந்தேகம் கேட்டிருக்காரு, ஐபெர்ஃப்ல ரீட்ரான்ஸ்மிட் (திரும்ப அனுப்பின பாக்கெட்) எண்ணிக்கை முன்ன விட ஏறுதுன்னு. நாஸ் 2.5-ல தள்ளுது, சிஸ்டம் 1-ல வாங்குது, நடுவுல ஸ்விட்ச் பஃபர் நெறஞ்சா மிச்சம் விழும், டிசிபி வேகத்தை குறைச்சுக்கும். ஓரளவு இது சாதாரணம். ஃப்ளோ கன்ட்ரோல் ஆன் பண்ணா விழறதுக்கு பதிலா "நிறுத்து"ன்னு நாஸுக்கே பாஸ் ஃப்ரேம் போகும், ஆனா ஒரு மெதுவான சிஸ்டத்துக்காக நாஸ் மொத்தமா நிக்கறதால மத்த மூணு பேரும் காத்திருப்பாங்க. இதுல எனக்கே ரெண்டு மனசு. ஒரு எடத்துல ஆன் வச்சு நல்லா ஓடுது, இன்னொரு எடத்துல ஆஃப் வச்சு. ரெண்டு மாதிரியும் நாலு சிஸ்டத்தையும் ஒரே நேரத்துல வச்சு, நாஸ்ல ஆளுக்கொரு போர்ட் நம்பர்ல ஐபெர்ஃப் சர்வர் தெறந்து, மைனஸ் பெரிய ஆர் போட்டு ஓட்டுங்க. ஒரு ஆளு 940 வாங்கி இன்னொருத்தர் 400-ல கெடந்தா அந்த செட்டிங் உங்களுக்கு ஆகாது. நம்பரை இங்க போடுங்க, ஞாயித்துக்கிழமை பாக்கறேன்.